நான் கழித்துக்கொண்ட இருபத்தைந்து நிமிடம்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த உங்கள் மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். மதுரை விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? மூவரும் சரியாகச் சொன்னீர்கள். நேர்கோட்டில் நூற்று எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நம்முடைய சின்ன விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம். நான் ஒன்றும் சொல்லாமல் என் இடத்துக்கு வந்துவிட்டேன். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள். தப்பில்லை. நானும் ஒரு காலத்தில் அந்தப் பதிலை அதே வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதக் கடைசியோடு இந்த மேசையை விட்டுப் பயிற்சிப் பிரிவுக்குப் போகிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. நம் வேலை என்னவென்று வெளியில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆம்புலன்ஸ், விமானம், ஏறும் ஊர், இறங்கும் ஊர், ஆஸ்பத்திரி, இந்த ஐந்தும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கும்படி செய்வது. அதற்கான பட்டியல்கள் எல்லாம் நீலக் கோப்பில் இருக்கின்றன. பாதிக்கு மேல் நான் எழுதியவை. படித்துக்கொள்ளுங்கள். கோப்பில் எழுத முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு. மதுரைக்கும் கோவைக்கும் வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் அது எங்கள் மலையின் கிழக்கு ஓரத்தை உரசிக்கொண்டு, பழனிக்கு மேலே போகும். வாழைக்கும் மிளகுக்கும் நடுவே நின்று அண்ணாந்து பார்த்து வளர்ந்த கோடு அது. என் அண்ணன் லாரி ஓட்டுகிறான். மலைக் காய்கறியை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறக்குவான். கமிஷன் மண்டியிலிருந்து போன் வரும்.

“எங்கப்பா இருக்க?”

“இந்தா, மார்க்கெட் வாசலுக்கு வந்துட்டேண்ணே.”

அப்போது அவன் இன்னும் மலைமேல் பாச்சலூரில் டீ குடித்துக்கொண்டிருப்பான். மண்டிக்காரருக்கும் அது தெரியும். “சரி சரி, டீயக் குடிச்சுட்டு வெரசா வா” என்பார். இதை எங்கள் பக்கத்தில் யாரும் பொய்யாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்கிறவர் மனம் நோகாமல் இருக்கச் சொல்கிற பதில். கேட்கிறவர் தம் பங்குக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்வார். சொல்கிறவரும் கேட்கிறவரும் சேர்ந்துதான் ஒரு உண்மையான நேரத்தைச் செய்வார்கள்.

இந்த வேலைக்கு வந்த பிறகு அந்தக் கழித்தலை நான் ஒரு பட்டியலாகவே எழுதி வைத்துக்கொண்டேன். டயரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ‘கிளம்பிட்டோம்’ என்றால் இன்னும் கிளம்பவில்லை, பதினைந்து நிமிடம். ஒரு ஊரை ‘தாண்டிட்டோம்’ என்றால் ஊருக்குள் நுழைகிறார்கள், பத்து நிமிடம். ‘வரப்போறோம்’, ‘வந்துக்கிட்டு இருக்கோம்’ என்றால் இருபத்தைந்து. சென்னையிலிருந்து வந்த சக ஊழியர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஆனால் என் கணக்கு நான்கு வருடம் தப்பவே இல்லை. திண்டுக்கல், தேனிப் பக்கத்து அழைப்பு என்றால் என்னிடம்தான் கொடுப்பார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. தப்பு பெருமையிலிருந்துதான் வந்தது.

அது தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முந்தைய காலை. ஏழு ஐம்பதுக்கு அழைப்பு. கொடைக்கானல் பக்கத்துப் பேத்துப்பாறையில் முத்துலட்சுமி என்ற இருபத்தொன்பது வயதுப் பெண். காலையில் வெள்ளனே எழுந்து மாட்டுக்குப் புல் வெட்டும் மெஷினில் புல் கொடுத்துக்கொண்டிருந்தபோது வலது கை உள்ளே போய்விட்டது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சுத்தமாக வெட்டுப்பட்டுத் துண்டாகிவிட்டது. நேரம் ஆறரை. கொடைக்கானலில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ரத்தத்தை நிறுத்தி, துண்டான கையை ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு, பையை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். எல்லாம் சரியாகச் செய்திருந்தார்கள். கையை ஒட்டவைக்கும் டாக்டர் கோவையில். அவர் போனில் சொன்னது ஒரே வரி: “பன்னிரண்டரைக்குள்ள என் டேபிள்ல இருக்கணும்.”

முதல் முடிவு, விமானமா ரோடா என்பது. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பெருமாள்மலையில் பாதை பிரியும். இடது பக்கம் பழனிக்கு இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவை. நேரே போனால் வத்தலக்குண்டு, அங்கிருந்து மதுரை விமான நிலையம். சாதாரண நாளில் நான் விமானத்தை வேண்டாம் என்றிருப்பேன். முப்பத்தைந்து நிமிடப் பறத்தலுக்காக மூன்று மணி நேரம் எதிர்த்திசையில் போய், ஏற்றி, இறக்கி, மறுபடி ஆம்புலன்ஸ் பிடித்து ஆஸ்பத்திரி போகிற நேரத்தில் பழனி வழியே வண்டி கோவையைத் தொட்டுவிடும். விமானம் என்ற சொல்லைக் கேட்டதும் உறவினர்கள் இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள். நாம் போட வேண்டும்.

அன்றைக்கு உறவினர் கேட்டது தலைகீழாக இருந்தது. முத்துலட்சுமியின் கணவர் பாண்டி வண்டிக்குள்ளிருந்து பேசினார்.

“மேடம், பழனி வழிதாங்க எங்களுக்குக் கிட்ட. மதுரைக்குப் போயி எதுக்குங்க சுத்தணும்?”

நான் ஓட்டுநரைக் கேட்டேன். ஆரோக்கியம் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். என் பேச்சைக் கேட்டதுமே இந்தப் பக்கத்துப் பெண் என்று கண்டுகொண்டு ‘தங்கச்சி’ என்றே கூப்பிட்டார்.

“தங்கச்சி, பூசத்துக்கு நடக்குற சனம் ரோடு பூராம் கெடக்கு. பழனிக்குள்ள போனா வெளிய வர முடியாது.”

“ஆம்புலன்ஸுக்கு வழி விடுவாங்கல்ல?” என்றார் பாண்டி.

“விடுவாகய்யா. வழி விடுறதுக்கும் ஒதுங்கி நிக்க எடம் வேணும்ல?”

அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. மதுரை என்றேன். கோவையில் நிற்கும் நம் விமானம் பத்து மணிக்குக் கிளம்பி, பத்து முப்பத்தைந்துக்கு மதுரையில் இறங்கும். ஆம்புலன்ஸ் பதினொரு மணிக்கு முன்பே வந்துவிடும். பதினொன்றேகாலுக்குப் புறப்பாடு. பன்னிரண்டு இருபதுக்கு டாக்டரின் மேசை. பத்து நிமிடம் மிச்சம். அந்த முடிவைப் பற்றி எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

இரண்டாவது முடிவைப் பற்றித்தான் இந்தக் கதை.

லொகேஷன் அனுப்பச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். அனுப்பினார்கள், பாண்டியின் போனிலிருந்து. மலைப் பாதையில் சிக்னல் போனது. போன் உயிரோடு இருந்தது, புள்ளி மட்டும் டம்டம் பாறைக்குப் பக்கத்து வளைவில் ஐம்பது நிமிடம் அசையாமல் நின்றது. அதனால் ஒன்பதே முக்காலுக்கு ஆரோக்கியத்தை அழைத்தேன்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“வத்தலக்குண்டு வரப்போறோம் தங்கச்சி.”

வைத்துவிட்டேன். பத்து நொடி கூட ஆகியிருக்காது. ‘வரப்போறோம்’ என்றால் இருபத்தைந்து. அப்படியானால் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. வத்தலக்குண்டு வரவே பத்து பத்து ஆகும். மதுரை விமான நிலையம் வரும்போது பதினொன்று முப்பத்தைந்து. நம் விமானத்துக்கு அன்று மதுரையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க இடமில்லை. பத்து முப்பத்தைந்துக்கு இறங்கினால் பதினொன்று இருபதுக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஆள் வந்து சேரும் நேரத்தில் விமானம் வேறெங்கோ ஒதுங்கியிருக்கும். ஆகவே புறப்பாட்டைத் தள்ள வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு படியும் சரி. இதை எந்தத் தணிக்கையாளரிடமும் நான் காட்டலாம். முதல் எண் மட்டும்தான் என் தலைக்குள்ளிருந்து வந்தது.

விமானியை அழைத்துப் பத்து மணிப் புறப்பாட்டை விட்டுவிடச் சொன்னேன். பத்து நாற்பது கேட்டோம். பயணிகள் விமானங்கள் வரிசையில் இருந்ததால் பத்து ஐம்பது கிடைத்தது. பரவாயில்லை என்று எழுதிக்கொண்டேன்.

பத்து இருபதுக்கு என் மேசைப் போன் அடித்தது. வண்டியில் கூட வந்த நர்ஸ் ஸ்டெல்லா.

“மேம், நாகமலை தாண்டிட்டோம். ஏர்போர்ட்ல எந்த கேட்டுக்கு வரணும்னு கேட்டுச் சொல்றீங்களா?”

“தாண்டிட்டீங்களா, வரப்போறீங்களா?”

“மேம், தாண்டியாச்சு. பின்னாடி மலை தெரியுது.”

பின்னால் தெரியும் மலைக்குக் கழித்தல் கிடையாது. அங்கிருந்து விமான நிலையம் அரை மணி நேரம்தான். ஆரோக்கியத்திடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். நான் போட்ட சத்தத்தில் அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணே, ஒன்பதே முக்காலுக்கு வத்தலக்குண்டு வரப்போறோம்னீங்களே?”

“ஆமா. அப்ப வத்தலக்குண்டத் தாண்டி, நெலக்கோட்டையும் தாண்டி இருந்தோம்.”

“பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“தங்கச்சி, அடிபட்டவுகள வச்சுக்கிட்டு யாராச்சும் கூடுதலாச் சொல்லுவாகளா? நடுவுல டயர் கியர் போச்சுன்னா? வந்த தூரத்தக் கம்மியாத்தான் சொல்லுவேன். சொன்னதுக்கு முன்னாடி போய் நின்னா யாருக்கு நட்டம்?”

இருபது வருடம் மலையில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். காய்கறி லாரிக்காரன் கூட்டிச் சொல்வான், ஆம்புலன்ஸ்காரர் குறைத்துச் சொல்வார் என்பது என் பட்டியலில் இல்லை. எனக்குத் தெரிந்த ஓட்டுநர் என் அண்ணன்தான். ஆரோக்கியம் ஒரு பாதுகாப்புக்காகப் பின்னால் தள்ளிச் சொன்னதை நான் என் பாதுகாப்புக்காக இன்னும் பின்னால் தள்ளினேன். இருவரும் நல்லதைத்தான் நினைத்தோம். கை ஐஸ் பெட்டியில் இருந்தது.

பத்து மணி இடத்தை நாமே விட்டுக்கொடுத்தாயிற்று. பத்து ஐம்பதை முன்னால் இழுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது. விமானி என்னை அழைத்தார்.

“மேடம், முதல்ல லேட் பண்ணச் சொன்னீங்க, இப்ப சீக்கிரம்ங்கறீங்க. என்ன ஆச்சு?”

“நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், கேப்டன். தப்பு என்னுடையது. ஆம்புலன்ஸ் பத்து ஐம்பதுக்கு மதுரையில் இருக்கும்.”

“ஓகே. மலை மேல மேகம் இறங்கிக் கெடக்கு. நான் கிழக்கே திண்டுக்கல் பக்கமாச் சுத்திப் போறேன். போக அஞ்சு நிமிஷம், வர அஞ்சு நிமிஷம் கூடும்.” பிறகு கேட்டார்: “நான் தெரிஞ்சுக்க வேண்டியது வேற எதாவது இருக்கா?”

இந்த அறையின் சுவரில் ஒட்டியிருக்கும் ஏழு விதிகளில் மூன்றாவதை நீங்கள் படித்திருப்பீர்கள். விமானியிடம் எத்தனை பேர், எவ்வளவு எடை, ஸ்ட்ரெச்சரா, ஆக்சிஜன் வேண்டுமா என்பதைத் தவிர நோயாளியைப் பற்றி எதையும் சொல்லக்கூடாது. குழந்தை என்றோ கர்ப்பிணி என்றோ தெரிந்தால், மற்ற நாளில் நுழையாத மேகத்துக்குள் அன்று நுழையத் தோன்றும். அதற்காகத்தான் விதி. விதி எனக்குத் தெரியும். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அந்த நிமிடத்தில் என் முன்னால் இருந்த தாளில் எண்கள் இருந்தன. அவர் சுற்றி வந்தால் டாக்டரின் மேசைக்குப் பன்னிரண்டு ஐம்பது. நேர்கோட்டில் வந்தால் பன்னிரண்டு நாற்பது. தரையில் நான் இன்னும் சில நிமிடம் பிடித்துவிட்டால் கிட்டத்தட்ட பன்னிரண்டரை. என் தப்பு மறைந்தே போய்விடும். அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு வாக்கியம். ‘இருபத்தொன்பது வயசுப் பொண்ணு, கை துண்டாயிடுச்சு, கேப்டன்.’ அதைச் சொன்னால் அவர் மேகத்தை இன்னொரு முறை பார்ப்பார். நல்ல மனிதர். அந்த மேகத்துக்கு அடியில் இருக்கும் பாறை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஏறியவை.

“வேறொன்றும் இல்லை, கேப்டன். மூன்று பேர், ஒரு ஸ்ட்ரெச்சர். உங்க வழியிலேயே போங்க.”

போனை வைத்தேன். விதியைக் காப்பாற்றிய நிம்மதி எல்லாம் இல்லை. என் இருபத்தைந்து நிமிடத்துக்கான விலையை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டேன் என்றுதான் இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சரியான முடிவை எடுத்தால் மனம் லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

அடுத்து டாக்டருக்குப் போன். இதைச் செய்யாமல் இருக்க எனக்குக் காரணங்கள் கிடைத்தன. அவர் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்துகொண்டிருப்பார், தொந்தரவு செய்யக் கூடாது. இன்னும் நிமிடங்கள் கிடைக்கலாம், இறுதி நேரம் தெரிந்த பிறகு சொல்லலாம். ஒரு பயமும் இருந்தது: நேரம் கடந்துவிட்டது, கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அழைத்தேன். “டாக்டர், பன்னிரண்டு இருபது என்று சொன்னேன். இப்போது பன்னிரண்டு ஐம்பது. என் கணக்கில் தப்பு.”

அவர் திட்டவில்லை. “பெட்டியில ஐஸ் இருக்கா? கை ஐஸ்ல நேரா படலையே?” என்றார். ஸ்டெல்லாவிடம் கேட்டுச் சொன்னேன். “கொண்டு வாங்க” என்றார்.

பத்து நாற்பத்தெட்டுக்குப் பாண்டி அழைத்தார். வண்டி மதுரை விமான நிலையத்தின் கேட்டுக்கு வந்து நின்றுவிட்டது.

“மேடம், வந்துட்டோம். பிளேனக் காணோமே?”

“வந்துக்கிட்டு...” என்று என் வாயில் வந்துவிட்டது. முழுங்கினேன். “இன்னும் இங்கே கோயம்புத்தூரில்தான் நிக்குது. ரெண்டு நிமிஷத்துல கிளம்பும். பதினொன்றரைக்கு அங்கே இறங்கும்.”

மறுமுனையில் ஆம்புலன்ஸின் விசிறி சுற்றுவது கேட்டது. பின்னால் முத்துலட்சுமி மெல்லிய குரலில் எதையோ கேட்டார், யாரோ பதில் சொன்னார்கள். பிறகு பாண்டி, கோபமே இல்லாமல் சொன்னார்:

“வந்துக்கிட்டு இருக்குன்னே சொல்லியிருக்கலாம்ல மேடம்.”

 இன்றும் அது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். நாற்பது நிமிடம் அந்த மனிதர் நம்பிக்கையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நான் அதை எடுத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பதிலாக ஒரு சோலி கொடுக்க முடிந்தது.

“பாண்டி, நாற்பது நிமிஷம் இருக்கு. அழுதுக்கிட்டு இருக்க வேண்டாம். நான் சொல்றதைச் செய்யுங்க. உங்க மூணு பேரோட ஆதார் கார்டையும் கையில எடுங்க. ஸ்டெல்லாகிட்ட சொல்லி பேஷன்ட் பேப்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க. ஆரோக்கியம் அண்ணன்கிட்ட வெளிய போயி பெட்டிக்குப் புது ஐஸ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. கை இருக்குற பையில தண்ணி ஏறாம பாத்துக்கங்க.”

“சரிங்க.” குரல் மாறிவிட்டது. “இப்பவே செய்யுறேங்க.”

தரையில் நிமிடங்களைத் தேடத் தொடங்கினேன். கேட்டில் பாதுகாப்புச் சோதனையை அவர்கள் காத்திருக்கும்போதே முடித்துவைக்கக் கேட்டேன். செய்தார்கள். விமானம் நின்றதும் ஸ்ட்ரெச்சர் ஏறும் பக்கத்தில் வண்டி தயாராக நிற்க வேண்டும், தலைமாடு முதலில் வரும்படி. கோவையில் இறங்கியதும் எடுக்கும் ஆம்புலன்ஸ் வழக்கமான இடத்தில் நிற்காமல் உள்ளேயே வர அனுமதி. ஆஸ்பத்திரிச் சேர்க்கைக் காகிதங்கள் ஸ்டெல்லா அனுப்பிய படங்களிலிருந்து முன்கூட்டியே. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அற்பம். எல்லாம் சேர்ந்து ஒன்பது.

திரும்பும் பயணத்தில் நடந்ததை ஸ்டெல்லா பின்னால் சொன்னார். ஏற்றும்போது விமானி பெட்டியையும் கட்டுப் போட்ட கையையும் பார்த்துவிட்டார். நேரே தன் இருக்கைக்குப் போனார். மேலே ஏறிய பிறகு பாண்டி எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

“சார், எங்க மலைக்கு மேல போனா வெரசா போயிரலாம்ல?”

“உங்க மலை எங்கன்னு காட்டுங்க, போயிரலாம்” என்றாராம் விமானி. பாண்டி ஜன்னல் வழியே பார்த்தார். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. “சுத்தியே போங்க சார்” என்று உட்கார்ந்துவிட்டாராம்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு ஐஸ் பெட்டி டாக்டரின் மேசையில் இருந்தது. அவர் சொன்ன நேரத்துக்குப் பதினொரு நிமிடம் பின்னால். ஆபரேஷன் மாலை வரை நடந்தது. கை ஒட்டியது. ரத்தம் ஓடியது.

மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போனேன். பதினொரு நிமிடத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போயிருந்தேன்.

“பன்னிரண்டரைங்கறது நான் போட்ட நேரம்மா,” என்றார். “பன்னிரண்டரைன்னு சொன்னாத்தான் ஒன்றரைக்காவது வந்து சேருவாங்க. நான் எப்பவும் கையில ஒரு மணி நேரம் வெச்சுக்கிட்டுத்தான் சொல்லுவேன்.”

அவரும் கழித்திருந்தார். டிரைவர் ஒரு பங்கு, நான் ஒரு பங்கு, டாக்டர் ஒரு பங்கு. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் கையில் நேரத்தை ஒளித்து வைத்துக்கொண்டோம். என்னுடைய தப்பை அவருடைய பழக்கம் தாங்கிப் பிடித்தது. எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. அடுத்த முறை எல்லோரும் ஒரே பக்கமாகத் தள்ளிவிட்டால்?

“அப்ப அந்த இருபத்தொரு நிமிஷத்தால நஷ்டம் ஒன்றுமில்லையா, டாக்டர்?” என்று கேட்டேன்.

“அப்படி நான் சொல்லலையே,” என்றார். “தசைக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்குத்தான். எது எந்த நிமிஷத்துல போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

அன்று மாலை டயரியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். நீங்கள் தினமும் நிரப்பும் படிவத்தில் ‘சொன்னது’ என்றும் ‘திருத்தம், யார், ஏன்’ என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றை ஒன்றாக்கலாமே, இடம் மிச்சமாகும் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். ஒன்றாக்காதீர்கள். கேட்டதைக் கேட்டபடி ஒரு கட்டத்தில் எழுதுங்கள். உங்களுக்குத் தோன்றுவதை உங்கள் பெயர் போட்டு இன்னொரு கட்டத்தில் எழுதுங்கள். பிறகு சொன்னவரிடமே இரண்டையும் படித்துக் காட்டுங்கள். ஆரோக்கியத்திடம் ‘அப்ப இன்னும் மலைய விட்டு இறங்கலையாண்ணே?’ என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். அவ்வளவு போதும். இன்னொன்று, ‘எங்கே இருக்கீங்க’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் மரியாதையான பதில்தான் வரும். ‘எதிரே போர்டுல என்ன எழுதியிருக்கு’ என்று கேளுங்கள்.

நான்கு மாதம் கழித்துப் பேத்துப்பாறைக்குப் போனேன். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, யாரும் அனுப்பாமல், நானாக. பாண்டி தோட்டத்தில் இருந்தார். முத்துலட்சுமி வாசலில் பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றித் தழும்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மடங்கின.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். விமானம் ஏன் தாமதம், யார் தாமதப்படுத்தியது, எத்தனை நிமிடம். ஒப்பிப்பது போலச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சிரித்துவிட்டார்.

“ஏங்கக்கா, ஆம்புலன்ஸ்காரு எல்லாரு மாதிரி கூட்டிப் பொய் சொல்லியிருந்தா எல்லாம் சரியாப் போயிருக்குமாக்கும்?”

“அப்படித்தான்.”

“நல்ல கூத்துப் போங்க. இதுல யாரப் புடிச்சு வையுறது? வையணும்னா மொதல்ல தூக்கக் கலக்கத்துல மெஷின்ல கைய விட்ட என்னையத்தான் வையணும்.” எழுந்தார். “காபி போடுறேன், குடிச்சுட்டுத்தான் போகணும்.”

“கை எப்படி இருக்கு? எல்லா வேலையும் செய்ய முடியுதா?”

“பால் மட்டும் கறக்க முடியலக்கா. அத அவரு பாத்துக்கிறாரு. இந்தச் சின்ன ரெண்டு வெரலும் மரத்துக் கெடக்கு. மத்தபடி குறை இல்ல.”

அடுப்படியிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்தார். வலது கையில்தான் பிடித்திருந்தார், எனக்குக் காட்டுவதற்காக. மற்ற மூன்று விரல்கள் விளிம்பைப் பிடித்திருக்க, மரத்துப்போன அந்த இரண்டு விரல்களும் டம்ளரின் அடிப்பக்கத்தைத் தாங்கியிருந்தன. முகத்தில் பெருமை. நான் வாங்கினேன்.

கொதிக்கக் கொதிக்க இருந்தது. என்னால் ஒரு நொடி கூடப் பிடிக்க முடியவில்லை, தரையில் வைத்துவிட்டேன். அவருடைய இரண்டு விரல்களின் உட்புறமும் சிவந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

“ரொம்பச் சுடுதாக்கா?” என்று கேட்டார்.